வாரத்தில் ஒரு ஞாயிறுதான் இருக்கிறது: பழைய வீட்டைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோழவந்தான் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் அப்பத்தா வாழ்ந்த வீடு இருக்கிறது. முன்கட்டு மட்டப்பா, அதாவது தட்டையான தளம், பின்கட்டு சீமை ஓடு, அதற்குப் பின்னால் எட்டு சென்ட் கொல்லை. அப்பத்தா இறந்த பிறகு ஒன்பது வருஷம் பூட்டியே கிடந்தது. நானும் வீட்டுக்காரரும் மதுரையில் வேலை பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு, அவருக்கு இரண்டாம் சனி கூடுதலாகக் கிடைக்கும். மூன்று வருஷமாக அந்த நாட்களை வைத்துத்தான் வீட்டைத் திருத்திக்கொண்டு வருகிறோம்.

வேலைக்குப் போய்க்கொண்டே வீடு திருத்துகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையைத் திறந்து போட்டுவிடுகிறோம், அதற்கப்புறம் ஆறு நாள் அந்தப் பக்கமே போக முடிவதில்லை. அந்த ஆறு நாளில் மழை வரும், வெயில் அடிக்கும், கரையான் ஏறும், ஆடு மேயும். ஆகவே எந்த வேலையைத் தொடும்போதும் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: இன்று சாயங்காலம் இதை இப்படியே விட்டுவிட்டுப் போகலாமா?

காகிதத்தைப் பார்க்காமல் கல் ஊன்றுவது

பூர்வீக வீடு என்றால் பட்டா பெரும்பாலும் தாத்தா பேரிலேயே இருக்கும். அப்பாவோடு பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கலாம். செலவு செய்வதற்கு முன்னால் அவர்களோடு உட்கார்ந்து பேசி, எழுத வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வேலி போடுவதற்கு முன்னால் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். நாங்கள் பழைய பூவரச மரத்தை எல்லை என்று நினைத்து வேலிக்கல் ஊன்றினோம். அளந்தபோது எல்லை இரண்டடி உள்ளே இருந்தது. பதினோரு கல்லையும் பிடுங்கித் திரும்ப ஊன்ற இரண்டு ஞாயிறு போயிற்று.

கூரைக்கு முன்னால் சுவரைத் தொடுவது

கண்ணுக்குத் தெரிவது சுவர்தான். அதனால் பெயின்ட் அடித்தால் வீடு எழுந்து நிற்கும் என்று தோன்றும். ஆனால் மேலே ஒழுகும் வரைக்கும் கீழே செய்கிற எதுவும் தங்காது. முதலில் கூரை, அடுத்து தண்ணீர் வெளியேறும் வழி, அப்புறம் வயரிங், அதற்குப் பிறகுதான் பூச்சு, தரை. பெயின்ட் கடைசி.

கூரை வேலையிலும் ஒரு தவறு உண்டு. ஒரு பக்கத்து ஓட்டை மொத்தமாகப் பிரித்து அடுக்கிவிட்டால் வேலை வேகமாக நடக்கிற மாதிரி தெரியும். மதுரைப் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் என்றாலும், சித்திரை, வைகாசியிலும் சாயங்காலம் இடி இடித்துக் கோடை மழை கொட்டும். ஆடிக் காற்று தார்ப்பாயையே கிழித்துவிடும். அதனால் ஒரு நாளில் எத்தனை வரிசை திரும்ப வேய முடியுமோ அத்தனை வரிசை மட்டும் பிரியுங்கள். பிரித்த இடத்தில் ஓடு உட்காரும் ரீப்பரையும், அதைத் தாங்கும் கைமரத்தையும் தட்டிப் பாருங்கள். மேலே நன்றாக இருக்கும், சுவரில் செருகிய முனை மட்டும் கரையான் தின்று பொடியாகியிருக்கும்.

மட்டப்பாவின் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் இலையையும் தண்டையும் ஒடித்துப் போடாதீர்கள், திரும்பத் துளிர்க்கும். அந்த இடத்துச் செங்கல்லை எடுத்து, வேரைக் களைந்து, மறுபடி கட்டி மூட வேண்டும். இதையும் ஒரே நாளில் முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் பூசுவது

இதில்தான் எங்களுக்கு அதிகம் நஷ்டம். முதல் வருஷம் பங்குனியில், பின்கட்டில் அப்பா காலத்தில் சிமெண்டு வைத்துக் கட்டிய குளியலறைச் சுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசி முடித்தோம். சாயங்காலம் பார்க்கும்போது வழுவழுவென்று அழகாக இருந்தது. திங்கள் காலை நாங்கள் அலுவலகத்தில் இருந்தோம். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், வெடித்துக் கிடக்கும் கண்மாய்த் தரை மாதிரி சுவர் முழுக்கக் கோடு கோடாக வெடிப்பு. விரல் கணுவால் தட்டினால் டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, தண்ணி ஊத்த ஆள் இல்லாம எதுக்குத்தா பூசுனீக?" என்றார்.

சிமெண்டு காய்ந்து இறுகுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. முதல் சில நாளில் வெயில் அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் வினை பாதியில் நின்றுவிடும். பூச்சோ கான்கிரீட்டோ, குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டு, அதற்கு 10 நாள். மதுரை வெயிலுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை ஊற்றுவது போதாது.

பெரியம்மாவிடமே கேட்டோம். காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு தொகை பேசிக்கொண்டோம். சுவரில் சாக்கு தொங்கவிட்டு அதை நனைத்தால் ஈரம் வெகுநேரம் நிற்கும். தளத்தில் ஒட்டுப் போட்ட இடங்களில் சுற்றிப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டால் வேலை இன்னும் சுலபம். ஆள் கிடைக்காத வாரத்தில் சிமெண்டு வேலையே வேண்டாம். அந்த ஞாயிறு கதவு, ஜன்னலைத் தேய்த்து எண்ணெய் போடுங்கள்.

சிமெண்டையும் மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். எங்களைப் போல மெதுவாகச் செய்கிறவர்களுக்கு ஐம்பது கிலோ மூட்டை நாலு மாதத்துக்கு வரும். ஆனால் மூன்று மாதம் தாண்டினால் சிமெண்டின் பலம் குறைந்துவிடும். அந்தந்த ஞாயிறுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்டு பூசுவது

முன்கட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. அந்தக் காலத்து வீடுகளில் அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்விடும். அதன் மேல் கெட்டியாக சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். கொஞ்ச நாளில் உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும். விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள், விசாரித்துப் பிடியுங்கள். பழைய பூச்சு முழுவதையும் கொத்தத் தேவையில்லை. தட்டிப் பார்த்து, வெற்றுச் சத்தம் கேட்கிற இடத்தை மட்டும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பாலேயே ஒட்டுப் போடலாம். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

ஒரே நாளில் கொல்லையை வழித்துவிடுவது

ஜேசிபி விட்டால் ரெண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். சொந்தக்காரர் ஒருவர் தன் இடத்தில் அப்படித்தான் செய்தார். மேல்மண் புதரோடு போயிற்று, மண்ணுக்குள் இருந்த தண்ணீர்க் குழாய் உடைந்தது. முதல் மழை பெய்ததும் வெறும் தரை முழுக்கப் பார்த்தீனியம் முளைத்து இடுப்பளவு நின்றது. கண்ணில் பட்டவுடன் கையுறை போட்டு, பூ வைப்பதற்கு முன்னால் வேரோடு பிடுங்க வேண்டிய செடி அது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும்.

நாங்கள் கொல்லையை நாலு துண்டாகப் பிரித்தோம். ஒரு துண்டைச் சுத்தம் செய்து, அதில் எதையாவது நட்டோ இலைதழை மூடாக்குப் போட்டோதான் அடுத்த துண்டுக்குப் போனோம்.

சீமைக்கருவேலத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டு நம் மாவட்டங்களில் வெட்டினார்களே, நினைவிருக்கும். தரைமட்டத்தில் வெட்டிய இடங்களில் ஒரு மரத்துக்கு ஏழெட்டுக் கிளையாகத் திரும்ப வந்ததையும் பார்த்திருப்பீர்கள். அடிக்கட்டையைச் சுற்றி ஒரு அடி ஆழம் தோண்டி, வேர்க்கழுத்தோடு எடுத்தால்தான் துளிர்க்காது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கடப்பாரை சுலபமாக இறங்கும். ஒரு ஞாயிறுக்கு மூன்று மரம் என்று கணக்கு வைத்தோம். பத்து மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு அப்புறம் தோண்டிக்கொள்ளலாம் என்று விடுவதைவிட, மூன்றை வேரோடு முடிப்பது மேல். வேலியையும் முன்னாலேயே அடைத்துவிடுங்கள். அந்த நெற்றைத் தின்ற ஆடு புழுக்கை போட்ட இடத்திலெல்லாம் புதுக் கன்று வரும்.

காய்ந்த புதருக்குத் தீ வைக்க வேண்டாம். பக்கத்தில் வைக்கோல் படப்பு இருக்கும், காற்று எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. முள்ளை விறகுக்குக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இலைதழையைக் குழியில் போட்டு மண் மூடினால் அடுத்த ஆடிக்கு எருவாகிவிடும்.

பாம்பை மறந்துவிடுவது

சருகுக் குவியல், உடைந்த ஓடு, அடுக்கிய செங்கல், இங்கேதான் கண்ணாடி விரியன் சுருண்டு கிடக்கும். முட்டிவரை பூட்ஸ் போடுங்கள், கம்பால் தட்டிவிட்டுக் கை வையுங்கள், பொழுது சாய்ந்த பிறகு கொல்லைப் பக்கம் போகவே வேண்டாம். பாம்பைப் பார்த்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், வந்து பிடிப்பார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை ராத்திரியே போய்த் தங்கி, பாய் விரித்துத் தரையில் படுத்துவிடுகிறோம். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். தூங்குகிறவரைக் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியும்போது வயிற்று வலி, கண் இமை தூக்க முடியாமை என்று தொடங்கும். கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கிணற்றுக்குள் இறங்கிப் பார்ப்பது

கோவைக்கொடி படர்ந்து மூடியிருந்ததால், எங்கள் உறைகிணறு இருப்பதே முதல் மாதம் தெரியவில்லை. கண்டுபிடித்தவுடன் செய்ய வேண்டிய வேலை சுற்றி அடைத்து மேலே கம்பி வலை போடுவது. தூர் வாரலாம் என்று யாரையும் இறக்கிவிடாதீர்கள். நாள்பட்ட கிணற்றின் அடியில் பிராணவாயு இருக்காது, விஷவாயு தேங்கியிருக்கும். ஒருவர் மயங்கினால் தூக்க இறங்குகிறவரும் மயங்கி விழுவார். விளக்கை இறக்கிப் பார்த்து, எரிகிறதே என்று இறங்குவதும் ஆபத்து. பிராணவாயு குறைவதைத்தான் விளக்கு காட்டும், மற்ற விஷவாயுவைக் காட்டாது. டீசல் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் அதன் புகையே ஆளைக் கொன்றுவிடும். காற்று ஊதும் கருவியும் கயிறும் வைத்திருக்கிற, தொழில் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

வெயிலில் கன்று நடுவது

கொல்லை சுத்தமான உற்சாகத்தில் பங்குனி, சித்திரையில் கன்று வாங்கி வந்து நட்டால் ஆறு நாள் தண்ணீர் இல்லாமல் கருகிவிடும். புரட்டாசிக் கடைசியில் நட்டால் மழையே பார்த்துக்கொள்ளும். பழைய செடியை அவசரப்பட்டுப் பிடுங்கவும் வேண்டாம். புதருக்குள் அப்பத்தாவின் குண்டுமல்லி இரண்டு தூர் இருந்தது. காய்ந்த குச்சியாகத் தெரிந்ததால் வெட்டி எறியப் போனோம். பெரியம்மா தடுத்து, கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்துப் பண்ணச் சொன்னார். பட்டுப்போன கிளையை எடுத்துத் தொழுவுரம் வைத்தோம். பங்குனியில் மொட்டு கட்டியது.

ஆள் வருகிற நாளைக் கணக்கில் வைக்காமல் இருப்பது

நமக்கு ஞாயிறு லீவு, கொத்தனாருக்கும் ஞாயிறுதான் லீவு. சனிக்கிழமை சம்பளம் வாங்கியவரை மறுநாள் கூப்பிட்டால் வரத் தயங்குவார், வந்தாலும் அரை மனதாக இருப்பார். எங்கள் கொத்தனாரிடம் மாதம் இரண்டு ஞாயிறு மட்டும், சற்றுக் கூடுதல் கூலிக்கு என்று பேசிவைத்தோம். மற்ற ஞாயிறுகளில் எங்கள் கையால் முடிகிற வேலை. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்திலும், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு தொடங்கும் பொங்கல் வாரத்திலும் யாரும் வரமாட்டார்கள். அந்த வாரங்களை முன்கூட்டியே கழித்துவிடுங்கள்.

இருட்டும் வரை வேலை செய்வது

நாலு மணிக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். மிச்சமுள்ள ஒரு மணி நேரம் மூடுவதற்கு வேண்டும். நாங்கள் ஓட்டில் இடைவெளி இருக்கிறதா என்று உள்ளே நின்று வெளிச்சம் பார்ப்போம். சிமெண்டு மூட்டையை மடித்துக் கட்டுவோம். கடப்பாரை, மண்வெட்டியைக் கழுவி உள்ளே வைப்போம். மெயினை அணைப்போம், கிணற்று வலையை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்போம். நனைக்க வேண்டிய சுவர் எது என்று பெரியம்மாவை அழைத்து வந்து காட்டிவிட்டு, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புவோம்.