உலோக லாட்டிஸ்: அமுக்கிப் பார்ப்பதற்கு முன் எடை போடுங்கள்

டைட்டானியம் லாட்டிஸை, அதாவது மெல்லிய கம்பிகள் பின்னிய வலைக்கட்டமைப்பை, லேசர் மெஷினில் பிரிண்ட் எடுத்த கையோடு அமுக்கிப் பார்க்க ஓட வேண்டாம், முதலில் தராசுக்குப் போங்கள்.

20 மி.மீ. கனசதுரம், டைட்டானியம் 6-4 (6% அலுமினியம், 4% வனேடியம் கலந்த கலவை) என்று வைத்துக்கொள்வோம். கெட்டிக் கட்டியாக இருந்தால் 35.4 கிராம். டிசைனில் 20% அடர்த்தி, அதாவது ஐந்தில் ஒரு பங்குதான் உலோகம், மீதி வெற்றிடம் என்றால் 7.1 கிராம் வர வேண்டும். தராசு 8.5 காட்டுகிறதா? உங்கள் கையில் இருப்பது 24% லாட்டிஸ். கம்பிகளின் அடிப்பக்கத்தில் லேசர் சூடு கீழே கிடக்கும் பவுடருக்குள் இறங்கி, பாதி உருகிய துகள்கள் ஒட்டிக்கொண்டு கம்பி பருத்துவிடுகிறது. வளைந்து சுமை தாங்கும் வகை லாட்டிஸில் விறைப்பு அடர்த்தியின் வர்க்கமாக ஏறும், அதாவது கணக்குப்படி 1.44 மடங்கு. ஆனால் ஒட்டிய துகள் எடையைக் கூட்டுமே தவிர சுமையைப் பெரிதாகத் தாங்காது, அதனால் அவ்வளவும் கிடைக்காது.

எந்த வகை என்று தெரிய மேக்ஸ்வெல் கணக்கு போதும்: கம்பிகளின் எண்ணிக்கையிலிருந்து முனைகளின் (கம்பிகள் சேரும் புள்ளிகளின்) மூன்று மடங்கைக் கழித்து 6 கூட்டுங்கள். செல் என்பது லாட்டிஸில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அலகு. நடுப்புள்ளியிலிருந்து எட்டு மூலைக்கும் கம்பி போகும் பிசிசி செல்லுக்கு 8 கம்பி, 9 முனை, விடை மைனஸ் 13. மைனஸ் என்றால் வளையும். கம்பிகள் முக்கோணங்களாக இணையும் ஆக்டெட் வகை வளையாமல் இழுவிசையிலும் அமுக்கத்திலுமே தாங்கும், காகிதத்தில் அதுதான் ராஜா. ஆனால் வழக்கமான நிலையில் நிறுத்தினால் அதன் கம்பிகளில் மூன்றில் ஒரு பங்கு படுக்கையாக வரும், அவைதான் பிரிண்டில் மோசமாகத் தொங்கும்.

சரி, இப்போது சோதனை. பிரிண்ட் ஒட்டியிருக்கும் பிளேட்டிலிருந்து அறுப்பதற்கு முன்பே வெப்பமேற்றி உள் அழுத்தத்தைத் தணித்துவிடுங்கள். துளையுள்ள உலோகங்களை அமுக்கிச் சோதிப்பதற்கான தரநிலையான ஐஎஸ்ஓ 13314 சொல்வது பக்கத்துக்குக் குறைந்தது 10 செல், ஆக நம் கட்டிக்கு 2 மி.மீ. செல். வேகம் நிமிடத்துக்கு 1.2 மி.மீ. வைக்கலாம். முதல் ஏற்றத்தின் சரிவை விறைப்பு என்று எழுதிவிடாதீர்கள், சில கம்பிகள் அப்போதே நிரந்தரமாக வளையத் தொடங்கியிருக்கும். பாதி வழியில் சுமையை இறக்கி மறுபடி ஏற்றி, அந்தச் சரிவை எடுங்கள்.

சாய்வாக ஒரு பட்டையாகப் பொலபொலவென்று நொறுங்கினால், பிரிண்ட் ஆன டைட்டானியத்தின் நொறுங்கும் தன்மையும் ஒரு காரணம். ஹிப் செய்தால், அதாவது அதிக சூட்டில் எல்லாப் பக்கமும் வாயு அழுத்தம் கொடுத்தால், உலோகம் கொஞ்சம் இளகும், உள்ளே இருக்கும் துளைகளும் மூடும். மேற்பரப்பின் சொரசொரப்பு மட்டும் அப்படியே இருக்கும், திரும்பத் திரும்பச் சுமை விழும் பாகத்தில் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். அதற்கு அமிலத்தில் அரித்தெடுக்கலாம். கம்பி மெலியும், அப்புறம் மறுபடி தராசுதான்.