"அமேசானும் நட்டத்துலதானே ஓடுச்சு?": இணையப் பங்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். ஏதோ ஒரு ஆப் கம்பெனியின் ஐபிஓவுக்கு, அதாவது பங்கை முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்பதற்கு, விண்ணப்பிக்கப் போகிறானாம். லாபம் உண்டா என்றேன். "அமேசானே பல வருஷம் நட்டத்துலதானே ஓடுச்சு, மாமா?" என்றான். 2000-ல் அமெரிக்காவின் சான் ஹோசேயில் அறைத்தோழனிடம் நான் அடித்துப் பேசிய அதே வசனம். கடன் வாங்கிப் பங்கு வாங்காதே, டிப்ஸை நம்பாதே என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். மற்றவற்றுக்கு வருகிறேன்.

எல்லா நட்டமும் ஒன்று என்று நினைப்பது

அமேசான் 1999-ல் 72 கோடி டாலரும் 2000-ல் 141 கோடி டாலரும் நட்டம் காட்டியது. ஆனால் 2000-ன் விற்பனை 276 கோடி டாலர்; சரக்குச் செலவு போக 65 கோடிக்கு மேல் மிஞ்சியது. அதைத் தின்றது கிடங்கு, விளம்பரம், வட்டி, பிற டாட்காம் (இணைய) கம்பெனிகளில் போட்டு இழந்த பணம். வாடிக்கையாளரின் கார்டிலிருந்து பணம் உடனே வரும். சரக்கு கொடுத்தவருக்குப் போவது பல வாரம் கழித்து. அந்த இடைவெளிப் பணம் கைகொடுத்தது. 2000 பிப்ரவரியில் ஐரோப்பாவில் 69 கோடி யூரோவுக்குக் கடன் பத்திரமும் விற்றுவைத்தார்கள். மார்ச் 10-ல் அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு உச்சத்தைத் தொட்டு, பிறகு சரிந்தது. திறமை பாதி, நேரம் பாதி என்பேன். முதல் காலாண்டு லாபம் 2001 கடைசியில்தான் வந்தது: 50 லட்சம் டாலர்.

செல்லப்பிராணிப் பொருள்களை இணையத்தில் விற்ற பெட்ஸ்.காம் வேறு ஜாதி. நாய்த்தீனியை வாங்கிய விலைக்கும் கீழே விற்றது. அதில் அமேசானே பெரிய பங்குதாரர் என்பது வேடிக்கை. 2000 பிப்ரவரியில் 11 டாலருக்கு ஐபிஓ, நவம்பரில் கடையைக் கட்டினார்கள்.

நான் வாங்கிய பங்கும் இந்த ஜாதிதான். அந்தக் கம்பெனியில் நானே சலவைத்தூள் ஆர்டர் செய்தேன். 20 பவுண்டு பெட்டி, 10 டாலர் கூப்பன், டெலிவரி இலவசம். என் கையிலிருந்து போனது 4 டாலர் சொச்சம். பெட்டியில் குத்தியிருந்த தபால் முத்திரையில் 9 டாலருக்கு மேல். சமையல் மேடையில் வைத்து அதைப் படித்துவிட்டு, "செம டீல்டா" என்று தோழனிடம் சொல்லி, அன்று இரவே இன்னும் 200 பங்கு வாங்கினேன். கம்பெனியின் கணக்கு மொத்தமும் அந்த அட்டைப்பெட்டி மேலேயே இருந்தது! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் ப்ராஸ்பெக்டஸில் (பங்கு விற்குமுன் கம்பெனி வெளியிடும் விவர அறிக்கை) முதலில் தேட வேண்டியது, ஒரு ஆர்டருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை. 'விளம்பரச் செலவைச் சேர்க்காமல் பார்த்தால் லாபம்' என்று போட்டிருந்தால், விளம்பரத்தை நிறுத்தினால் ஆர்டர் வருமா என்று யோசி.

முதல் நாள் ஏற்றத்தைப் பார்த்து மயங்குவது

இணையப் பொம்மைக் கடை இடாய்ஸ் 1999 மே மாதம் 20 டாலருக்கு வந்து அன்றே 76-ல் முடிந்தது. 2001 மார்ச்சில் திவால்.

ஸ்ப்ளிட்டுக்குக் குதிப்பது

ஸ்ப்ளிட் என்றால் ஒரு பங்கை இரண்டாகவோ பலவாகவோ உடைப்பது; விலையும் அதே அளவு உடையும். நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றினால் யாராவது இனிப்பு கொடுப்பார்களா?

நல்ல கம்பெனிதானே என்று விலை பார்க்காமல் வாங்குவது

1999 டிசம்பர் உச்சத்தில் அமேசானை 100 டாலருக்கு மேல் வாங்கியவர், 2001-ல் அது 6 டாலர் பக்கம் கிடந்ததைப் பார்த்தார். போட்ட காசைத் திரும்பப் பார்க்க 2009 வரை ஆனது. பிழைத்த கம்பெனியிலேயே இந்தக் கதை.

விழ விழ ஆவரேஜ் செய்வது

அதே சலவைத்தூள் கம்பெனி. விலை இறங்க இறங்க, சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று மேலும் வாங்கினேன், மூன்று தடவை. கடைசியாகப் பார்த்த விலை 12 சென்ட்.