பைச்சிர் டேங்க்: உயரத்துக்குக் கொட்டும் காசு வீண்

சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் பைச்சிர் என்ற ஆப்பிரிக்க மீனின் குட்டிகளைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிப் போகிறவர்கள், சில மாதம் கழித்து போன் செய்து கேட்பதெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இந்த மீனை வளர்க்க ஆரம்பித்த காலத்தில் நாங்கள் எல்லாரும் சறுக்கிய அதே இடங்கள். குளோரின் போகத் தண்ணீரைப் பிடித்து வைப்பது, ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரும் முன் மீனை விடாமல் இருப்பது இதெல்லாம் எந்த மீனுக்கும் பொது. அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

உயரமான டேங்க்

இதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் இதைப் பிறகு சரிசெய்ய வழியே இல்லை. ஃபில்டர் சரியில்லை என்றால் மாற்றலாம், மணலை அள்ளிவிடலாம். ஆனால் ஒட்டிய கண்ணாடியை அகலமாக்க முடியாது.

பைச்சிர் தரையோடு வாழும், நுரையீரலும் உள்ள மீன். ஆப்பிரிக்காவின் நைல், காங்கோ, நைஜர் போன்ற ஆறுகளிலும் அவற்றை ஒட்டிய சதுப்புகளிலும் அடியில் ஊர்ந்து, மோப்பம் பிடித்து இரை தேடும். டேங்கின் மேல் பாதியை அது காற்று குடிக்க ஏறி இறங்கும் வழியாக மட்டுமே பயன்படுத்துகிறது. அதற்கு வேண்டியது தரை, நீளமும் அகலமும்.

வரவேற்பறையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பலரும் செய்யச் சொல்வது நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி உயரம். இதையே இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? தண்ணீர் அதே 340 லிட்டர்தான். மீனுக்குக் கிடைக்கும் தரை 6 சதுர அடியிலிருந்து 8 ஆகிறது. கண்ணாடி 28 சதுர அடியிலிருந்து 26 ஆகக் குறைகிறது. தண்ணீர் உயர உயர அழுத்தம் கூடும் என்பதால் உயரமான டேங்குக்குத் தடித்த கண்ணாடி வேறு போட வேண்டும். அதாவது கூடுதல் காசு கொடுத்து மீனுக்குக் குறைந்த இடத்தை வாங்குகிறார்கள்.

தெரிந்த ஒருவர் இப்படித்தான் உயரமான டேங்கில் எண்ட்லிசெரி என்ற பைச்சிர் வகையில் இரண்டு குட்டிகளை விட்டார். "டேங்க் அளவுக்குத்தான் சார் மீன் வளரும்" என்று கடையில் சொன்னார்களாம். இந்தப் பொய்யை இன்னும் எத்தனை பேர் சொல்லிக்கொண்டிருப்பார்கள்! எண்ட்லிசெரி இரண்டு அடி வரை, சில சமயம் அதற்கு மேலும் வளரும் இனம். நான் போய்ப் பார்த்தபோது பெரிய மீன் மூலைக்கு வந்து, உடம்பை இரண்டாக மடித்து, வால் பின்கண்ணாடியில் உரசத் திரும்பியது. அடுத்த மூலையிலும் அப்படியே. ஓயாமல் கண்ணாடியில் முட்டியதில் மூக்கின் நுனி தோலுரிந்து வெள்ளையாக இருந்தது. மறுபடி பெரிய டேங்க், புது ஸ்டாண்ட் என்று எல்லாச் செலவும் முதலிலிருந்து. பழைய டேங்கை விற்கப் போனால் கண்ணாடி விலைகூடத் தேறவில்லை.

செனகலஸ் என்ற சின்ன பைச்சிர் வகை வீட்டில் ஓர் அடி அளவில் நின்றுவிடும். அதற்கு நாலுக்கு இரண்டு அடித் தரை போதும். எண்ட்லிசெரி, ஆர்னாட்டிபின்னிஸ், லப்ராடை போன்ற பெரிய வகைகளுக்கு ஆறடி நீளம், இரண்டரை அடி அகலத்துக்குக் குறைத்து யோசிக்காதீர்கள். உயரம் ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு அடி. கை அடிவரை எட்டினால்தான் மணலைச் சுத்தம் செய்யவும் முடியும். ஆறடி, இரண்டரை அடி, இரண்டு அடி டேங்கில் தண்ணீர் மட்டுமே 850 கிலோ; மாடி வீடு என்றால் எங்கே வைப்பது என்று பொறியாளரைக் கேட்டுவிட்டு அப்புறம் ஆர்டர் கொடுங்கள்.

மூடியில் இடைவெளி

ஃபில்டர் குழாய்க்கு விட்ட ஓட்டை போதும், ராத்திரியில் வெளியே வந்துவிடும். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். குழாயைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைத்து அடையுங்கள், மூடியின் மேல் கனம் வையுங்கள். காலையில் தரையில் கிடந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஈரப்பசை இருக்கும்வரை நுரையீரலால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். தூசியை டேங்க் தண்ணீரிலேயே அலசிவிட்டு உள்ளே விடுங்கள்.

இதற்குப் பயந்து மூடியை ஒட்டித் தண்ணீர் நிரப்புவது அதைவிட ஆபத்து. கண்ணுக்குப் பின்னால் தலைமேல் இருக்கும் இரண்டு சிறு துளைகள் வழியாகவும் இந்த மீன் காற்றை இழுக்கும். மேலே வந்து காற்றை இழுக்க வழியில்லை என்றால் மூச்சுத் திணறிச் சாகலாம். மூன்று அங்குலமாவது காற்றுக்கு விடுங்கள்.

"காற்று குடிக்கும் மீன், எந்தத் தண்ணீரும் தாங்கும்"

தாங்காது. நுரையீரல் ஆக்சிஜன் குறைவை ஈடுகட்டும், கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சை ஈடுகட்டாது. இறால் துண்டும் மீன் துண்டும் தின்னும் இந்த மீனின் கழிவு அதிகம். கரண்ட் போனால் மீன் சாதாரணமாகத்தான் தெரியும், ஆனால் ஃபில்டருக்குள் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் சாகத் தொடங்கும். இன்வெர்ட்டரில் முதலில் ஃபில்டரை இணையுங்கள்.

கூழாங்கல்

வேண்டாம். இரையோடு விழுங்கும். சலித்த மெல்லிய மணல் மட்டும்.

துணை மீன்கள்

வாயில் நுழையும் எதுவும் இரை. சக்கர் மீனை விட்டால் ராத்திரியில் பைச்சிரின் மேல் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும்.

உயிர் இரை

கடையில் ஃபீடராக, அதாவது இரையாகப் போட விற்கும் தங்கமீன் நோயைக் கொண்டுவரும். உறைந்த இறால், மண்புழு, மூழ்கும் பெல்லட் போதும்.

நேரே பெரிய டேங்கில் விடுவது

பைச்சிருக்கென்றே ஒரு தோல் ஒட்டுண்ணி உண்டு: மேக்ரோகைரோடாக்டைலஸ் பாலிப்டெரி. காட்டில் பிடித்து வந்த மீன்களில் அதிகம் காணலாம். புது மீன் தரையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தால், டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். செதில்மேல் வெண்ணிற நூல் துணுக்குகள் போல அசையும். நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்து, தேவைப்பட்டால் பிராசிகுவான்டல் என்ற ஒட்டுண்ணி மருந்து கொடுத்து, தேய்ப்பது நின்ற பிறகு மற்றவற்றோடு சேர்க்கலாம். அந்தத் தனித் தொட்டிக்கும் மூடி வேண்டும்.