புதுச்சேரி டாக்டர் சீட்டோடு கடலூரில் மருந்து வாங்கும்போது

ஜிப்மரில் காட்டிவிட்டு பஸ் ஏறி, எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டி வந்து கடலூரில் மருந்து வாங்குகிறவர்களுக்கு முதலில் எழும் சந்தேகம், அந்த ஊர்ச் சீட்டு இந்த ஊர்க் கடையில் செல்லுமா என்பது. செல்லும். 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டமும் 1945-ஆம் ஆண்டின் விதிகளும் நாடு முழுக்க ஒன்றே. எழுதியவர் பதிவு பெற்ற டாக்டராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடையில் சிக்கல் வருவது சீட்டில் ஏதாவது விடுபட்டிருந்தால்தான்.

ஆகவே டாக்டர் அறையிலிருந்து எழுந்திருக்கும் முன் சீட்டைப் பாருங்கள். 65-ஆம் விதிப்படி அதில் டாக்டரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த எண்ணிக்கை, வேளைக்கு எவ்வளவு என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். எளிதில் விடுபட்டுப் போவது மொத்த எண்ணிக்கை. '1-0-1' (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று மட்டும் இருந்தால் 10 மாத்திரையா 30 மாத்திரையா என்று கடைக்காரருக்குத் தெரியாது. '1-0-1, 5 நாள், மொத்தம் 10' என்று எழுதி வாங்கிவிட்டால் குழப்பமில்லை.

அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரையை மாதாமாதம் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கேட்டு வாங்க வேண்டும்: 'மாதம் ஒருமுறை, 3 முறை கொடுக்கலாம்' என்ற வரி. அந்த வரி இல்லாவிட்டால் சீட்டுக்கு ஒரே முறைதான் மருந்து தர வேண்டும் என்பது விதி. கொடுத்த கடை தன் பெயர், முகவரி, தேதியை டாக்டரின் கையெழுத்துக்கு மேலே குறிக்கவும் வேண்டும். சீட்டில் சீல் குத்துகிறார்களே என்று தடுக்க வேண்டாம்.

கம்பெனிப் பெயர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து திரும்புகிறார்கள். ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் மருந்துகளில் (டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மருந்து விதிகள் பட்டியலிட்டவை) டாக்டர் ஒரு பிராண்டை எழுதியிருந்தால், உள்ளே அதே சரக்கு இருந்தாலும் வேறு பிராண்டை மாற்றிக் கொடுக்க பார்மசிஸ்டுக்கு அதிகாரம் இல்லை. டாக்டரிடம் சொல்லி மாற்றி எழுதி வாங்கி வர வேண்டும். இந்த அலைச்சலைத் தவிர்க்க வழி, கம்பெனி வைத்த பெயரை விட்டு, மருந்தின் மூலப்பெயரையே (ஜெனரிக் பெயர்) எழுதித் தரச் சொல்வது. அப்படி இருந்தால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும், கைவசம் இருப்பதைக் குறைந்த விலையில் வாங்கலாம். மாதம் முழுக்க மருந்து சாப்பிடும் வீட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

மாத்திரை அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் 'Schedule H1' என்ற எச்சரிக்கை அச்சிட்டிருந்தால் அது ஷெட்யூல் எச்1. செஃபிக்சைம், லெவோஃப்ளாக்சசின், டிராமடால், அல்பிரசோலம், டிபி மருந்துகள் எல்லாம் இதில் சேரும். 2014 மார்ச் 1 முதல் இவற்றுக்குத் தனிப் பதிவேடு கட்டாயம்: டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு. 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். ஆகவே பெயர் கேட்டால் சொல்லுங்கள். 'காய்ச்சலுக்குப் போன தடவை கொடுத்த அதே ஆன்டிபயாடிக் ரெண்டு மட்டும்' என்று சீட்டில்லாமல் கேட்காதீர்கள். அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. பிறகு உண்மையாகவே தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாது. சீட்டில்லாமல் தர மறுக்கிற கடை நல்ல கடை.

இனி கவுன்ட்டர். சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவு பெற்ற பார்மசிஸ்டாக, அல்லது அவரது நேரடிக் கண்காணிப்பில் இருப்பவராக இருக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் 42-ஆம் பிரிவும் மருந்து விதிகளும் சொல்வது இது. 'பார்மசிஸ்ட் இருக்காரா?' என்று கேட்கத் தயங்க வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எதோடு சேர்க்கக் கூடாது என்று சொல்வதும் அவர் வேலையே.

அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது கத்தரிக்கோலைக் கவனியுங்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பல அட்டைகளில் ஒரு ஓரத்தில் மட்டும் இருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டால் உங்கள் கையில் இருப்பது பெயரில்லாத மாத்திரை. வெட்டும் முன் தேதியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்; பில்லிலும் பேட்ச் எண், காலாவதி, தயாரித்த கம்பெனி இருக்க வேண்டும். '08/2027' என்றால் ஆகஸ்ட் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். விலைக்கும் கணக்கு உண்டு. 2013-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி சில்லறையாக விற்றாலும் அட்டை விலையின் விகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 10 மாத்திரை அட்டை 120 ரூபாய் என்றால் 6 மாத்திரைக்கு 72 ரூபாய்தான். எம்ஆர்பியில் வரியும் அடக்கம். மேலே ஜிஎஸ்டி சேர்த்தால் தவறு.

இன்சுலின் வாங்கினால் கடை ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உறைந்து போனதைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டிலும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

புகார் என்றால், கடை இருக்கும் இடத்தைப் பார்த்துப் போக வேண்டும். கன்னியக்கோயிலில் வாங்கியது புதுச்சேரியின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு, மஞ்சக்குப்பத்தில் வாங்கியது தமிழ்நாட்டின் துறைக்கு. கூடுதல் விலையை 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். மருந்தின் தரத்தில் சந்தேகம் இருந்தால், 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். அதற்குப் பில்லும், பிரிக்காத மிச்ச மாத்திரைகளும், பேட்ச் எண் உள்ள அந்த ஓரமும் கையில் இருக்க வேண்டும்.