பெயின்ட் கடைசியில்: கையால் லூர் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் கிடப்பதெல்லாம் நானே செதுக்கி, மீன் தொடாமல் திரும்பி வந்த லூர்கள், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரைகள். பார்க்க மிக அழகானதுதான் அதில் படுமோசம். கண், செவுள், செதில் எல்லாம் வரைந்து மூன்று நாள் காயவைத்துக் கண்மாய்க்குக் கொண்டுபோனேன். தூண்டில் நரம்பைச் சுற்ற ஆரம்பித்ததும் மல்லாந்து படுத்துக்கொண்டே கரைக்கு வந்தது. விரால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தண்ணீரில் போட்டுப் பார்க்காமலே பெயின்ட் அடிப்பது, அநேகமாக எல்லோரும் முதலில் செய்யும் தவறு. பின்லாந்து மீனவர் லவுரி ராபலா 1936-ல் செய்த முதல் லூர், தக்கையில் செதுக்கியது. மேலே சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாள், அதன்மேல் பூச்சாக உருக்கிய போட்டோ நெகட்டிவ். கைக்குக் கிடைத்ததை வைத்துப் பளபளப்பு கொடுத்துவிட்டார். அவர் மெனக்கெட்டதெல்லாம் அடிபட்ட குஞ்சுமீனின் தள்ளாட்டத்தைக் கொண்டுவரத்தான்.

சரி, என்னுடையது ஏன் மல்லாந்தது? ஈயம். தூரமாக வீச எடை வேண்டுமே என்று உடம்பின் நடுவில் துளையிட்டுக் குண்டைச் செருகியிருந்தேன். ஈயம் தண்ணீரைவிட 11 மடங்கு கனம். அது வயிற்றடியில் இருந்தால்தான் லூர் நிமிர்ந்து நிற்கும். கொஞ்சம் மேலே ஏறினாலும் புரட்டிவிடும். வால் பக்கம் வைத்தால் வீச்சு தூரம் போகும், ஆனால் ஆட்டம் போய்விடும். இப்போதெல்லாம் துளை போடும் முன் ஈயத்தை வயிற்றில் டேப்பால் ஒட்டி, வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கிறேன். அப்போது தூண்டில் முள், வளையம் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். சின்ன லூரில் இரண்டு மும்முனை முள்ளின் எடையே கணக்கை மாற்றிவிடும். இன்னொன்று, ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்காதீர்கள். அது நஞ்சு, ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் வெடித்துத் தெறிக்கும். கடையில் விற்கும் குண்டே போதும்.

மூக்கடியில் நாக்குபோல் நீட்டியிருக்கும்படி செருகும் தகடான லிப்புக்குப் பழைய சிடியை வெட்டிக்கொள்ளலாம், அது பாலிகார்பனேட்தான். கோளாறு பெரும்பாலும் லிப்பில் இருக்காது, அதைச் செருகும் பள்ளத்தில் இருக்கும். உடம்பை உருட்டிச் செதுக்கிய பிறகு நேராகப் பள்ளம் அறுப்பது நடக்காத காரியம். கட்டை சதுரமாக இருக்கும்போதே அறுத்துவிடுங்கள். லேசாகச் சாய்ந்திருந்தாலும் லூர் ஒரு பக்கமாகவே ஓடும். ஓட்டம் கொஞ்சம்தான் என்றால் தூக்கிப் போட வேண்டாம். நம்மை நோக்கி வரும்போது இடப்பக்கம் ஒதுங்கினால், அதன் மூக்கை நம் பக்கம் திருப்பிப் பிடித்து, நரம்பு கட்டும் வளையத்தைக் குறட்டால் வலப்பக்கம் ஒரு மயிரிழை வளைத்தால் போதும். ஒரேயடியாக வளைத்தால் மறுபக்கம் ஓட ஆரம்பிக்கும்.

மரத்துக்கு வருவோம். கல்யாண முருங்கை எடை குறைவு, கத்திக்கு வெண்ணெய் மாதிரி. ஆனால் தண்ணீர் குடிக்கும். வெளியே மூன்று கோட் அடித்துவிட்டு, வளையம் திருகிய துளையை மறந்துவிடுவோம். தண்ணீர் அந்த வழியாக இறங்கி, மரம் ஊதி, பூச்சு வெடிக்கும். துளைக்குள்ளும் எபாக்சி பசை விட்டுத்தான் திருக வேண்டும். மெத்தென்ற மரத்தில் திருகாணி வளையத்தை நம்பவும் கூடாது. பெரிய கொடுவா மீன் ஒன்று மாட்டினால் வளையத்தோடு போய்விடும். மூக்கிலிருந்து வால்வரை ஒரே ஸ்டெயின்லெஸ் கம்பியை உள்ளே ஓட்டிவிடுவது நல்லது. தெர்மோகோலில் செய்து நகப்பூச்சு அடிப்பவர்களுக்கு: அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துவிடும். எனக்குக் கையில் மிஞ்சியது ஒரு முள்ளும் கொஞ்சம் பிசினும்.

விராலுக்கு ரப்பர் செருப்பை வெட்டித் தவளை செய்வது நல்ல யோசனை. மீன் பாய்கிறது, கவ்வுகிறது, ஆனால் மாட்டவில்லை என்றால் முள்ளைத்தான் பார்க்க வேண்டும். கடையில் விற்கும் தவளை உள்ளே வெற்றிடம்; கடித்ததும் அமுங்கி முள் வெளியே வரும். செருப்பு ரப்பர் அப்படி அமுங்காது. புல்லில் சிக்கக்கூடாதென்று முள்முனையை அதில் அழுத்திப் புதைத்தால், விராலின் வாயிலும் அது புதைந்தே இருக்கும். முனை முதுகை ஒட்டி, மேலே படுத்தாற்போல இருக்கட்டும்.

கடைசியாக, ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். ஈயத்தையும் லிப்பையும் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் என்று தெரியாது. நான் ஒவ்வொன்றின் வயிற்றிலும் மார்க்கரால் எண் போட்டு, ஒரு நோட்டில் எடையும் குறையும் எழுதிவைக்கிறேன்.

அந்த அழகு லூரைப் போன மாதம் வயிற்றைக் கீறி, ஈயத்தைக் கீழே இறக்கினேன். இப்போது ஒழுங்காக நீந்துகிறது. அந்த வேலையில் செதில் பாதி உரிந்துவிட்டது. திரும்ப வரையவில்லை.