ட்ரூரி லேன் சாம்பல் மனிதரைச் சோதிப்பது எப்படி

லண்டனின் தியேட்டர் ராயல் ட்ரூரி லேனில் உலவுவதாகச் சொல்லப்படும் ஆவிகளில் பேர்போனவர் ‘சாம்பல் மனிதர்’. மும்முனைத் தொப்பி, பவுடர் பூசிய பொய்முடி, சாம்பல் நிற மேலங்கி, இடுப்பில் வாள். மேல்மாடி இருக்கைகளின் நான்காம் வரிசையில் நடந்துபோய்ச் சுவருக்குள் மறைவாராம். அதுவும் காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில். பேய்க்கதையில் இத்தனை துல்லியம் அபூர்வம். அதனால்தான் இதைச் சோதிக்க முடிகிறது.

முதலில் கட்டடத்தின் வயதை எழுதிக்கொள்ளுங்கள். அந்த மனையில் 1663, 1674, 1794, 1812 என நான்கு அரங்குகள் எழுந்தன. இன்றிருப்பது நான்காவது, அதன் பார்வையாளர் கூடத்தையும் 1922இல் மாற்றிக் கட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டு உடையில் வருபவர் நடக்கும் அந்த வரிசை, அவர் காலத்தில் இல்லவே இல்லை.

அடுத்தது, அவருடையது என்று சொல்லப்படும் எலும்புக்கூடு. 19ஆம் நூற்றாண்டில் சுவரை உடைத்தபோது விலாவில் கத்தியோடு கிடைத்தது என்பார்கள். ஆண்டு ஆளுக்கு ஆள் மாறும். இங்கே தேட வேண்டியது காகிதம்: மரண விசாரணைப் பதிவு, அந்த வாரத்துப் பத்திரிகை. எந்தச் சுவர், எப்போது எழுப்பியது என்றும் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிஜச் சாவு இருக்கிறது. 1735இல் இங்கே நடிகர் சார்லஸ் மாக்லின், ஒரு பொய்முடிக்காக மூண்ட சண்டையில் சக நடிகர் தாமஸ் ஹாலமின் கண்ணில் தடியால் குத்தினார், ஹாலம் இறந்தார். அந்த வழக்கும் தீர்ப்பும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

பிறகுதான் உட்கார்ந்து பார்ப்பது. கூட வருபவரிடம் கதையை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் தொப்பியும் வாளும் தானாக வந்துவிடும். பகல் ஒத்திகையில் மேடை விளக்கு மட்டும் எரியும், மாடி இருட்டாக இருக்கும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவே கைபேசியைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம். அரளாத கண்ணுக்கும் மங்கலில் நிறம் தெரியாது, எல்லாம் சாம்பல்தான். மங்கலில் பார்க்கும் செல்கள் விழித்திரையின் நடுக்குழியில் இல்லை. ஓரக்கண்ணில் தெரிந்த உருவம் நேராகப் பார்த்ததும் மறைவது அதனால். உருவம் தெரிந்தால் திரும்பாமல் பத்து வரை எண்ணுங்கள். நேரம், இருக்கை, எரிந்த விளக்கு மூன்றையும் அவரவர் தனியாக எழுதிய பிறகே பேச வேண்டும்.

குறிப்பேட்டில் இன்னொரு பத்தி விடுங்கள். ஒத்திகையில் அவர் தெரிந்தால் நாடகம் ஓடும் என்பது அங்கத்திய நம்பிக்கை. ஓடிய நாடகங்களை எல்லோரும் எழுதிவைப்பார்கள்; அவர் தெரிந்தும் படுத்த நாடகங்களையும், தெரியாமலே ஓடியவற்றையும் நீங்கள் எழுதுங்கள்.