ஸ்ட்ரிங்-த்ரூவா, டாப்-லோடா? உங்கள் கிட்டாரிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

கம்பியை உடலின் பின்பக்கத்திலிருந்து மரத்தின் வழியாக மாட்டுவது ஸ்ட்ரிங்-த்ரூ. கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதியான பிரிட்ஜிலேயே மாட்டுவது டாப்-லோட். எது நல்லது? எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் இந்தக் கேள்வியில் ரொம்பவே குழம்புகிறார்கள். இதை மட்டும் வைத்து ஒரு நல்ல கிட்டாரை ஒதுக்கிவிடாதீர்கள். வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது காதுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும்.

படி 1: உங்களிடம் இருப்பது எது?

கிட்டாரைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மரத்தில் ஆறு சின்ன உலோக வளையங்கள் பதித்திருந்தால் அது ஸ்ட்ரிங்-த்ரூ. வளையங்களுக்கு ஃபெரூல் என்று பெயர். கம்பியின் குண்டு முனை அங்கே உட்காரும். கம்பி மரத்தைத் துளைத்து மேலே வந்து, பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டான சேடில் மேல் வளையும். பின்பக்கம் வெறுமையாக இருந்து, பிரிட்ஜின் பின்விளிம்பிலேயே துளைகள் இருந்தால் டாப்-லோட். பின்னால் ஸ்பிரிங் குழி இருந்தால் அது ட்ரெமோலோ (கைப்பிடியால் அசைக்கும் பிரிட்ஜ்), இந்தக் கணக்கில் வராது.

ஃபெண்டர் டெலிகாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பம் முதல் ஸ்ட்ரிங்-த்ரூவாக இருந்தது, 1958 கடைசியில் டாப்-லோடுக்கு மாறியது, கொஞ்ச காலத்திலேயே பழைய முறைக்குத் திரும்பிவிட்டது.

படி 2: எது மாறாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

'ஸ்ட்ரிங்-த்ரூவில் இழுவிசை அதிகம்' என்று பலர் சொல்வார்கள். அது தவறு. நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் பட்டை) சேடில் வரையுள்ள நீளம் (இதற்கு ஸ்கேல் என்று பெயர்), கம்பியின் தடிமன், சுருதி, இந்த மூன்றும்தான் இழுவிசையை முடிவு செய்கின்றன. 25.5 அங்குல ஸ்கேலில் 10 கேஜ் (0.010 அங்குலத் தடிமன்) முதல் கம்பியை E-க்கு ட்யூன் செய்தால், எந்த வழியாக மாட்டினாலும் இழுவிசை சுமார் 7.3 கிலோதான்.

மாறுவது இரண்டு. ஸ்ட்ரிங்-த்ரூவில் கம்பி சேடிலுக்குப் பின்னால் செங்குத்தாக இறங்குவதால் சேடிலை இறுக்கமாக அழுத்தும். டாப்-லோடில் அந்த வளைவு சாய்வாக இருக்கும். அடுத்தது, சேடிலுக்குப் பின்னால் கிடக்கும் கம்பியின் நீளம். ஸ்ட்ரிங்-த்ரூவில் கம்பி உடலையும் கடப்பதால் இது அதிகம், டெலிகாஸ்டர் உடலின் தடிமனே சுமார் 44 மில்லிமீட்டர். பெண்ட் செய்யும்போது (சுருதியை ஏற்றக் கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளும்போது) அந்த உபரிக் கம்பியும் கொஞ்சம் நீண்டு கொடுத்தால், அதே சுருதியை எட்ட விரலை இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும். சேடிலில் உராய்வு அதிகமாக இருந்தால் உபரிக் கம்பி அவ்வளவாக அசையாது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி தோன்றுவது இதனால்தான்.

படி 3: சோதனைக்குத் தயாராகுங்கள்

இரண்டு வழியிலும் மாட்டக்கூடிய பிரிட்ஜ் உள்ள கிட்டார் தேவை. முழு செட் வேண்டாம், 17 கேஜ் சாதா (மேலே சுற்றுக் கம்பி இல்லாத) மூன்றாம் கம்பி இரண்டு வாங்கினால் போதும். கழற்றிய கம்பியையே மறுபடி மாட்டாதீர்கள். சேடிலில் மடங்கிய இடம் இப்போது வாசிக்கும் பகுதிக்குள் வந்துவிடும், சுருதி சுத்தமாக நிற்காது.

படி 4: மாட்டுங்கள்

பழைய கம்பியை முழுவதும் தளர்த்திய பிறகே வெட்டுங்கள், இறுக்கமாக இருக்கும்போது வெட்டினால் முனை தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். முதலில் உடல் வழியாக. பின்பக்கத்திலிருந்து நுழைத்து, மேலே வந்த முனையை இழுங்கள். குண்டு முனை ஃபெரூலில் 'டக்' என்று உட்கார வேண்டும். அப்புறம் ட்யூன் செய்து, கையால் மெல்ல இழுத்துவிட்டு, சுருதி இறங்காத வரை திரும்பத் திரும்ப ட்யூன் செய்யுங்கள்.

படி 5: ஒப்பிடுங்கள்

மூன்றாம் கம்பியில் 9-ஆம் ஃபிரெட்டை வாசித்து அந்த E-யைக் காதில் வாங்குங்கள். பிறகு 7-ஆம் ஃபிரெட்டில் அழுத்தி, அதே E வரும்வரை மேல்நோக்கித் தள்ளுங்கள். ட்யூனரில் சரிபாருங்கள். கம்பி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று ஒரு அளவுகோலை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து இரண்டாவது கம்பியை பிரிட்ஜ் விளிம்பு வழியாக மாட்டி இதையே செய்யுங்கள்.

ஓசையையும் ஒப்பிட நினைத்தால் அதே பிக்கப், அதே பிக், ஆம்பில் அதே அமைப்பு இருக்கட்டும். இரண்டையும் ரெக்கார்ட் செய்து, எது எதுவென்று தெரியாமல் நண்பரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

டாப்-லோடில் பலமாக அடிக்கும்போது கம்பி சேடிலில் பக்கவாட்டில் வழுக்கினால் முதலில் சேடில் உயரத்தைப் பாருங்கள். ரொம்பத் தாழ்ந்திருந்தால் கம்பி சரியாக அழுந்தாது. உயரம் சரியாக இருந்தும் வழுக்கினால், பள்ளம் வெட்டிய சேடில்கள் வாங்கி மாற்றுங்கள்.